நாலு பாகை என்று எழுதிய கொப்பி

திருகோணமலைப் பக்கம் மீன் பதப்படுத்தும் இடமொன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். பெயர் வேண்டாம். குளிரறைக் கதவில் நூல் கட்டி ஒரு கொப்பி தொங்கியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உள்ளே எத்தனை பாகை என்று பார்த்து அதில் எழுத வேண்டும். காலை 6 மணிக்கு 4 பாகை, 8 மணிக்கு 4 பாகை, 10 மணிக்கும் 4. அப்படியே இரவு 10 மணி வரை 4 பாகைதான். ஒரே பேனை, ஒரே சாய்ந்த கையெழுத்து. நான் அதைப் பார்த்தபோது நேரம் பிற்பகல் மூன்றரை.

எழுதிய பிள்ளையிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்: “4 எண்டு எழுதினா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க அண்ணா. 7 எண்டு எழுதினா எனக்குத்தான் ஏச்சு.”

4க்கும் 7க்கும் இடையில் அப்படி என்ன இருக்கிறது? சூரை மீனை எடுத்துக்கொள்வோம். அதன் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்தபின் சூடு ஏறினால் சில பக்டீரியாக்கள் பெருகி, தங்கள் நொதியால் அதை ஹிஸ்டமினாக மாற்றும். இந்த ஹிஸ்டமின் கொதிக்கும் குழம்பிலும் அழியாது. தகரத்தில் அடைத்து உயர் வெப்பத்தில் வைத்தாலும் அழியாது. மணத்திலும் பல வேளை பிடிபடாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். நம் ஆட்கள் “மீன் ஒத்துக்கொள்ளேல்ல” என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். தப்பு நடந்தது சமையலறையில் இல்லை. படகிலோ லொறியிலோ, கதவு சரியாகச் சாத்தாத குளிரறையிலோ ஐஸ் குறைந்த நேரத்தில் நடந்தது. ஒருமுறை உண்டான ஹிஸ்டமினை மறுபடி குளிர்ப்படுத்தி இறக்கவும் முடியாது.

இதைத் தடுக்கும் முறை உலகத்துக்குத் தெரியாததல்ல. தொழிற்சாலைகளில் ‘ஹசப்’ என்பார்கள். ஆபத்து எந்த இடத்தில் நுழையும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் ஓர் எல்லை வைத்து, அளந்து, எல்லை தாண்டினால் என்ன செய்வது என்றும் எழுதி வைக்கும் முறை. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்யப்போய் நாசாவும் பில்ஸ்பரி என்ற உணவுக் கம்பனியும் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமும் சேர்ந்து உருவாக்கியது. நல்ல முறைதான். ஆனால் அது கொப்பியை நம்பி நிற்கிறது. கொப்பி அந்தப் பிள்ளையை நம்பி நிற்கிறது.

2005இல் பிரித்தானியாவின் சவுத் வேல்ஸில் ஈ.கோலி ஓ157 என்ற குடல் கிருமி 157 பேரைத் தாக்கியது. பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பச்சை இறைச்சியையும் சமைத்த இறைச்சியையும் இறைச்சி வியாபாரி ஒரே பொதியிடும் மெஷினில் போட்டிருந்தார். 2009இல் வந்த விசாரணை அறிக்கை இதைவிட உறுத்தும் இரண்டைச் சொன்னது: பதிவேடுகளில் பொய் எழுதப்பட்டிருந்தது, அதிகாரிகளிடமும் பொய் சொல்லப்பட்டது. தாளில் ஒழுங்கு இருந்தது, வேலையில் இல்லை.

இந்த இடைவெளியைத்தான் ‘உணவுப் பாதுகாப்புக் கலாசாரம்’ என்ற பெயரில் பல முனைவர் பட்ட ஆய்வுகள் துருவுகின்றன. சொல் கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம். யாரும் பார்க்காதபோது இந்த இடத்தில் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் விஷயம். அதனால்தான் அளப்பது கஷ்டம். “கை கழுவுவீர்களா?” என்று படிவத்தில் கேட்டால் யார் இல்லை என்பார்? பக்கத்தில் நின்று பார்த்தால் அன்றைக்கு எல்லாரும் கழுவுவார்கள். அதனால் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. கணக்கெடுப்பு, கம்பனியின் பதிவுகள், நேர்காணல் மூன்றையும் பக்கம் பக்கமாக வைக்கிறார்கள். படிவம் ஒன்று சொல்லி நேர்காணல் இன்னொன்று சொன்னால் ஆய்வாளருக்கு அது தோல்வி இல்லை. அங்கேதான் சரக்கு கிடைக்கிறது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் லோன் ஜெஸ்பர்சனும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பது சந்தேகம்: கேட்டால்தான் செய்வது, பிழை வந்தால் ஆளைத் தேடுவது. அடுத்தது தீப்பிடித்தபின் தண்ணீர் அள்ளுவது. பிறகு காரணத்தை அறிவது, வருமுன் கணிப்பது, கடைசியில் அது வேலையிலேயே ஊறிப்போவது. நான் பார்த்த இடம் எந்தப் படி என்பதை அந்தப் பிள்ளையின் ஒரு வசனமே காட்டிவிட்டது.

2020இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு, உணவுச் சுகாதாரத்துக்கான தன் பொதுக் கோட்பாடுகளில் இந்தக் கலாசாரத்தைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்திலேயே போட்டது. நம் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப நினைப்பவர் காதில் இது விழத்தான் வேண்டும்.

சரி, எப்படி மாற்றுவது? இன்னொரு பயிற்சி வகுப்பு வைப்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. கை கழுவ வேண்டும் என்று தெரியாதவர் யார்? குழாய் இருபது அடி தள்ளி இருந்து, கிலோக் கணக்கில் கூலி கிடைத்தால் கழுவப் போகும் ஒவ்வொரு தடவையும் காசு போகும். குழாயை வாசலிலேயே முழங்காலால் திறக்கும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது. தலைக்கு வலை போடாமல் உள்ளே வரும் முதலாளி பத்து வகுப்பை ஒரே நடையில் அழித்துவிடுவார்; அதற்கு எந்தக் குழாயும் உதவாது.

அப்புறம் 7 என்ற எண். 7 எழுதியவரிடம் “ஏன் விட்டாய்?” என்று கேட்பதும், “நல்லது பார்த்தாய், கதவு ரப்பரைப் பார்ப்போம்” என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டவள் மறுநாளும் உண்மையை எழுதுவாள். ஒரு மாதம் முழுக்க 4, 4, 4 என்று வரும் தாளைப் பார்த்து அனுபவமுள்ள பரிசோதகர் சந்தோஷப்பட மாட்டார். கதவு திறந்து மூடும் அறை அப்படி நிற்காது.

போகும்போது அந்தக் கொப்பியை இன்னொரு தடவை புரட்டினேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘எடுத்த நடவடிக்கை’. எத்தனை தாள் பின்னுக்குப் போனாலும் அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது.