மேக் என்றால் மகன்

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'மேக்' என்றால் மகன். (நம் 'மகன்' மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான், உடனே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணிவிடாதீர்கள்.) அதோடு தலைவனைக் குறிக்கும் 'டோஷக்' சேர்ந்தால் மெக்கின்டாஷ், அதாவது தலைவனின் மகன். அயர்லாந்துப் பிரதமரின் பதவிப் பெயரும் கிட்டத்தட்ட இதே 'டோஷக்'தான்.

ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கும் மெக்கின்டாஷ் என்று ஒரு பெயர் உண்டு. சரி, இந்தப் பெயர் மழைக்கோட்டுக்கு எப்படிப் போனது? கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் என்ற வேதியியலாளர் கற்பாசியிலிருந்து ஊதாச் சாயம் எடுக்கும் தொழில் நடத்தினார். அதற்கு அம்மோனியா வேண்டும் என்று நிலக்கரி வாயு ஆலையின் கழிவான தாரை வாங்கப்போக, அந்தத் தாரைக் காய்ச்சும்போது நாப்தா என்ற எண்ணெயும் கிடைத்தது. அதில் ரப்பர் கரைந்து பசையாகிவிடும். துணியில் வெறுமனே பூசினால் கையெல்லாம் ஒட்டுமே, அதனால் பசையைத் தடவி மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்திவிட்டார். நாப்தா ஆவியாகிவிடும், நடுவில் ரப்பர் மட்டும் நிற்கும், தண்ணீர் உள்ளே வராது. 1823-ல் காப்புரிமை.

ஆனால் கோட்டு படுத்தியது. தையல் ஊசி இறங்கிய ஓட்டை எல்லாம் ஒழுகியது, வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது, நாற்றம் வேறு. ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். ஒன்றோடொன்று கட்டுப்படாததால் சூட்டில் வழுக்கி நகரும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சு விழுகிறது. 1840-களில் இந்த வித்தை பிடிபட்ட பிறகுதான் கோட்டு உருப்பட்டது.

மெக்கின்டாஷ் என்றே பெயர் கொண்ட ஆப்பிள் பழம் தனிக்கதை. 1811-ல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி தன் நிலத்தைத் திருத்தும்போது கண்ட கன்று அது. விதை போட்டால் தாய்மரத்தின் பழம் வராது, ஒட்டுக் கட்டத்தான் வேண்டும். ஆகவே இன்று நிற்கும் மெக்கின்டாஷ் மரம் ஒவ்வொன்றும் அந்த ஒற்றை மரத்தின் கிளைவழிதான். ஜெஃப் ராஸ்கினுக்கு அந்தப் பழம் ரொம்பப் பிடிக்கும், ஆப்பிள் நிறுவனத்தில் தன் கம்ப்யூட்டர் திட்டத்துக்கும் அதே பெயரை வைத்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஆடியோ கம்பெனி இருந்ததால் எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார். 1984-ல் விற்பனைக்கு வந்தது.

தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்தில் பழத்துக்கு 'எம்சி', கம்ப்யூட்டருக்கு 'எம்ஏசி', மழைக்கோட்டுக்கு அதிலும் கூடுதலாக ஒரு 'கே'. வேடிக்கை என்னவென்றால் கோட்டைக் கண்டுபிடித்தவர் பெயரில் அந்தக் 'கே' கிடையாது. பிரிட்டனில் கோட்டையும் சுருக்கி 'மேக்' என்றுதான் சொல்வார்கள், அதனால் மழை நாளில் யாராவது மேக்கை எடு என்றால் லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.