விளக்கு முந்தியதா, விரல் முந்தியதா?

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் கூடைப்பந்து பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "கடைசி நொடியில் எறிந்த பந்து செல்லுமா என்பதை, வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் நடுவர்களால் சில சமயம் ஏன் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை?"

என்பிஏ இந்த மறுபார்வையை 2002-03 பருவத்தில் கொண்டுவந்தது. 2014இல் நியூஜெர்சி மாநிலத்தில் இதற்கெனத் தனி மையமே திறந்தது. விதி எளிதுதான்: நேரம் முடிந்ததும் வளையத்தின் பின்னுள்ள பலகையின் விளிம்பில் சிவப்பு விளக்கு எரியும்; அது எரிவதற்குள் பந்து விரலை விட்டிருக்க வேண்டும். ஹாரன் ஒலியை நம்புவதற்கில்லை. ஆடுகளத்தின் நீளமான சுமார் 28 மீட்டரை ஒலி கடக்கவே ஏறத்தாழ 0.08 நொடி ஆகிவிடும்.

சிக்கல் கேமராவுக்குள் இருக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 17 மில்லி நொடி செல்கிறது. முதல் படத்தில் பந்து விரல் நுனியில் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. அடுத்ததில் பந்து காற்றில் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. இரண்டும் அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிட்டன. எது முந்தியது என்பது எந்தப் படத்திலும் பதிவாகவில்லை. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பதிவாகாத கணம் புதிதாக முளைத்துவிடாது. ஆகவேதான், தெளிவான சான்று இல்லாவிட்டால் களத்தில் நடுவர் சொன்ன தீர்ப்பே நிற்கிறது.

அப்படியானால் கேமராக்களைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இங்கேதான் வருகிறது. ஒளிபரப்புக் கேமராக்கள் பொதுவாக ஒரே மின்துடிப்புக்குக் கட்டுப்பட்டு, ஒரே கணத்தில் படமெடுக்கும்படி இணைக்கப்பட்டிருக்கும். கை ஒரு கேமராவிலும் விளக்கு இன்னொன்றிலும் தெரியும்போது, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட இது உதவுகிறது. ஆனால் இருபது கேமராக்கள் இருந்தாலும் கோணங்கள்தாம் இருபது. கணங்கள் அதே 60. மாறாக, கையும் விளக்கும் சேர்ந்து தெரியும்படி இரண்டு கேமராக்களை நிறுத்தி, ஒன்றைச் சரியாக அரை இடைவெளி தாமதித்து இயக்கினால், ஐயத்துக்குரிய நேரம் 8 மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். புதிய லென்ஸ் எதுவும் தேவையில்லை. துடிப்பைத் தள்ளிவைத்தால் போதும்.

நேரடியாக ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்துவதும் வழிதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஒளி குறையும் என்பதால் அரங்கின் வெளிச்சத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். கத்தாரில் 2022இல் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில், பந்தின் அசைவை நொடிக்கு 500 முறை அளக்கும் உணரியைப் (சென்சார்) பந்துக்குள்ளேயே வைத்தார்கள். கூடைப்பந்திலும் அத்தகைய உணரியை விளக்கின் கடிகாரத்தோடு பிணைத்துவிட்டால், விரல் விட்ட கணத்தைப் படத்தில் தேட வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

நம் மாவட்டப் போட்டிகளில் பெரிய திரைக்கும் மேடைக்கும் தாராளமாகச் செலவிடுபவர்கள், பலகை விளக்கைக் கடிகாரத்தோடு சரியாக இணைப்பதற்கு முதலில் செலவிடலாம் என்பது என் கருத்து. அந்த விளக்கு இருந்தால், நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைபேசியே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்து அதன் இரு படங்களுக்கிடையே மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் பொருத்தி, எறிபவரின் கையும் பலகையும் ஒரே படத்துக்குள் அடங்கும் பக்கவாட்டு இடத்தில் வைக்க வேண்டும்.