பலம் 15 என்று எழுதியிருந்த கொப்பி

மட்டக்களப்பில் உளவளத் துணையாளராக வேலை செய்கிறேன். களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் மகனை அழைத்து வந்தார். "சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது மிஸ், இவன் எந்நேரமும் விளையாட்டுக் கணக்குத்தான் எழுதுகிறான்" என்று கொப்பியை மேசையில் வைத்தார்.

கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஆறு வரிகள்: பலம் 15, லாவகம் 14, தாங்குதிறன் 13, அறிவு 12, விவேகம் 10, வசீகரம் 8. ஒரு கற்பனை வீரனாகப் பாவனை செய்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974இல் வெளிவந்து தொடங்கிவைத்த அதே ஆறு குணங்கள். பலத்தின் மேல் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பத்தைக் கழித்து மீதியைப் பாதியாக்கி, அரையை விட்டுவிட வேண்டும் மிஸ். 15க்கும் 2தான், 14க்கும் 2தான். பலத்தை 14 ஆக்கினால் இரண்டு புள்ளி மிஞ்சும். அதை வைத்து வசீகரத்தை 10 ஆக்கலாம்."

ஆறு எண்களையும் வாங்க மொத்தம் 27 புள்ளிகள்; பெரிய எண்ணுக்கு ஒரு படி ஏற இரண்டு புள்ளி போகும். ஒன்றைக் கூட்ட இன்னொன்றை விட வேண்டும். பலம் 14இலிருந்து கணக்கிட்டுக் கிடைக்கும் அந்த 2, இருபது பக்கத் தாயக்கட்டையில் விழும் எண்ணோடு சேரும். ஒன்று கூடினால் வெற்றி வாய்ப்பு பொதுவாக 5 சதவீதம் கூடும். இதை நான் நேரவிரயம் என்று சொல்லமாட்டேன். பிள்ளை நிகழ்தகவு படித்துக்கொண்டிருக்கிறான்.

கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில் இருந்தது. கைத்தொலைபேசியில் அவன் விளையாடும் இன்னொரு விளையாட்டில், வலிமையான வீரனைக் காசு கட்டிக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். வாய்ப்பு 1 சதவீதம். ரீலோட் காசு அங்கேதான் போயிருக்கிறது. "அறுபது தடவை எடுத்துவிட்டேன், இனிக் கிட்டத்தான்" என்றான். இத்தனையாவது தடவை நிச்சயம் கிடைக்கும் என்ற விதி அந்த விளையாட்டில் இல்லை. அறுபது தோல்வியும் அடுத்த குலுக்கலுக்குத் தெரியாது. ஒரு தடவை கிடைக்காமல் போகும் வாய்ப்பான 0.99ஐ நூறு தடவை பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய 0.37. நூறு பேர் தலா நூறு தடவை எடுத்தாலும் சுமார் 37 பேருக்கு அந்த வீரன் கிடைக்கமாட்டான். திரையைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

பெற்றோரே, தொலைபேசியைப் பறிக்குமுன் பக்கத்தில் உட்காருங்கள். "இந்த எண் எப்படிக் கூடும் மகன்?" என்று கேளுங்கள். எதையோ விட்டுக்கொடுத்துக் கூடுகிறதா, காசு கட்டிக் கூடுகிறதா என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். இரண்டாவது என்றால், அன்றைக்கே ரீலோட் கணக்கையும் சேர்ந்து பாருங்கள்.