பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இலவசச் சிகிச்சை: யாருக்கு, எப்படி?

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளிடம் சுமார் 30 வகையான நலக் குறைபாடுகளைத் தேடிக் கண்டறிந்து, அறுவை சிகிச்சை உட்பட அனைத்தையும் கட்டணமின்றி அளிப்பதற்காக இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்’ (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்). உதட்டுப் பிளவு, வளைபாதம், கண்புரை, காதுகேளாமை, இதயக் கோளாறு, டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ளிட்ட 9 பிறவிக் குறைபாடுகள் இதில் அடங்கும்.

டவுன் சிண்ட்ரோம் போன்ற ஓரிரண்டைத் தவிர, இந்தப் பட்டியல் நோயின் காரணத்தைச் சொல்வதில்லை; குழந்தையிடம் காணப்படும் குறையையே சொல்கிறது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் வைரஸ் தொற்று வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காதுகேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்தே வரக்கூடும். மூன்றுக்குமே திட்டத்தில் இடமுண்டு. எனவே, வைரஸால் வந்ததா மரபணுவால் வந்ததா என்பது தெளிவாகும் வரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய மரபணு இரத்த நோய்கள் போன்ற சிலவற்றை மாநிலங்கள் தம் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், அவற்றைப் பற்றி உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவது நல்லது.

முதல் பரிசோதனை பிரசவம் நடந்த அரசு மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். அதன்பின் 6 வாரம் வரை ‘ஆஷா’ எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். 6 வயது வரை நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும். குறை தென்பட்டால் குறைகளைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்து சிகிச்சைக்கு வழிசெய்யும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

ஆனால் யாரேனும் வரட்டும் என்று இருந்துவிடக் கூடாத குறைகளும் உண்டு. பால் குடிக்கும் குழந்தையின் கண்மணி கருமையாக இல்லாமல், பாலாடை படிந்ததுபோல் வெண்மையாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடர்ந்த கண்புரையை முதல் சில வாரங்களில் அகற்றாவிட்டால், பின்னர் அகற்றினாலும் மூளை பார்க்கப் பழகாமலே போய்விடக்கூடும். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதல் இங்கே குழந்தையின் பார்வையையே பறித்துவிடும்.

தாய்க்கே தெரியாமல் தொற்றக்கூடிய சைட்டோமெகலோ வைரஸிலும் நாள் கணக்கு முக்கியம். பிறந்த 21 நாள்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ எடுத்துச் சோதித்தால்தான் அது கருவிலேயே வந்த தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியும். இத்தொற்றுள்ள குழந்தை பிறந்தவுடன் செய்யும் செவித்திறன் சோதனையில் தேறிவிட்டு, மாதங்கள் கழித்துக் கேட்கும் திறனை இழக்கவும் கூடும். ஆகையால் முதல் சோதனையில் குறையில்லை என்று எழுதித் தந்திருந்தாலும், அங்கன்வாடிக்குக் குழு வரும் நாளில் குழந்தையைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.