கிராம சபையில் மைக் பிடிக்கும் தலைவர்களுக்கு

ஊராட்சித் தலைவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "கைதட்டு வாங்குற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க" என்பதுதான். கிராம சபைக்கு அந்த நாலு வரி தேவையே இல்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற சபை அது. முன்வரிசையில் இருப்பவர்களின் பெயரையெல்லாம் "அவர்களே, அவர்களே" என்று அடுக்கினால், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" போதும். அடுத்த வாக்கியமே தண்ணீரைப் பற்றி இருக்கட்டும்.

வரவு செலவு வாசிப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். "தெருவிளக்குப் பராமரிப்பு, ரூபாய் 86,400" என்று படித்தால் யார் காதிலும் ஏறாது. "விளக்குக்கு மாசம் 7,200 ரூபாய் செலவு பண்ணியிருக்கோம், இந்தந்தத் தெருவுல பல்பு மாத்தினோம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒருவர் எழுந்து "எங்க தெரு விட்டுப்போச்சே" என்பார். எழட்டும். அவர் கேட்கத்தானே சபை!

கோபமாகக் கேட்பவரிடம் "ஆவன செய்யப்படும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டதா? அதைச் சொல்லுங்கள். என்றைக்குச் சரியாகும், அதுவரை தண்ணீருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாள் தெரியாவிட்டால், "விசாரிச்சுட்டு வெள்ளிக்கிழமை ஆபீஸ் போர்டுல எழுதிப் போடுறேன்" என்று சொல்லி, அதன்படி எழுதிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் பேசும்போது ஊர் காது கொடுக்கும்.

அப்புறம், பெண் தலைவர்களுக்குத் தனியாக ஒன்று. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் சில ஊர்களில் மைக் இன்னும் வீட்டுக்காரர் கையில்தான். முழு உரைக்குத் தயக்கமாக இருந்தால் தீர்மானங்களை மட்டுமாவது நீங்களே வாசியுங்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக நீட்டினால் 'கீ'யென்று கத்தும், பதற்றம் கூடும்.

ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசித்ததும் நிறுத்தி, "இதுல யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டவுடன் அடுத்ததற்குத் தாவாமல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். பின்வரிசைப் பெண்கள் கை தூக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.