பாவோபாப் என்னும் ஆனைப்புளி

சரும எண்ணெய்க் குப்பிகளில் இப்போது 'பாவோபாப் ஆயில்' என்று அச்சிட்டு வருகிறது. தமிழில் எழுதுகிறவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், இந்த ஆப்பிரிக்க மரத்துக்கு நம்மிடம் பெயரே இல்லாதது போல. ஆனைப்புளி, பெருக்கமரம், பப்பரப்புளி, பொந்தன்புளி என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன.

முதலில் பாவோபாப். எகிப்தின் தாவரங்களைப் பற்றி 1592இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் புரோஸ்பெரோ அல்பினி, அங்கே கண்ட காயை 'பஹோபாப்' என்று குறித்தார். 'பூ ஹிபாப்' என்ற அரபுத் தொடரின் திரிபு அது, 'நிறைய விதை உள்ளது' என்று பொருள் என்பார்கள். காயை உடைத்தால் பெயரின் பொருத்தம் புரியும். வெல்வெட் போன்ற மயிர் மூடிய கெட்டி ஓடு, சுத்தியலால் தட்டினால்தான் விரியும். உள்ளே சிவந்த நாருக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளைச் சதை, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு கறுத்த கொட்டை. சாறு என்று ஒன்று கிடையாது, சதை மரத்திலேயே உலர்ந்துவிடும். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் மெல்லக் கரைந்து புளிக்கும்.

அந்தப் புளிப்புதான் நம் பெயரில் நிற்கிறது. பெரியதைக் குறிக்க ஆனையைச் சேர்ப்பது தமிழின் வழக்கம், ஆனைநெருஞ்சி என்பதைப் போல. பெயரில் புளி இருந்தாலும் இது புளியமர இனம் இல்லை, இலவமரத்துக்கு உறவு. ஆனால் புளியமரத்தின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கும். ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு மரங்களை நாம் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறோம். பப்பரர் என்பது அயல்தேசத்து மக்களுக்குப் பழைய தமிழில் வழங்கிய பெயர். அதனால் பப்பரப்புளி என்ற பெயரிலேயே மரம் வெளியிலிருந்து வந்த செய்தி இருக்கிறது. பெருக்கமரம் மன்னாரில் வாழும் சொல். அங்கே பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் அடிச்சுற்று 19 மீட்டருக்கும் மேல், அரபு வணிகர் நட்டது என்பார்கள். பொந்தன்புளி, மரத்தின் பொந்தைப் பார்த்து வைத்த பெயர். சூடானின் கொர்டோபான் பகுதியில் அந்தப் பொந்தையே குடைந்து, மழைநீரை நிரப்பி, கோடை முழுவதும் குடித்தார்கள்.

மரத்தின் சொந்த ஊர்களில் வீணாகும் பாகம் என்று அநேகமாக எதுவும் இல்லை. செனகலில் சதையைக் கரைத்து 'பூயி' என்ற பானம் செய்கிறார்கள். வடக்கு நைஜீரியாவின் ஹௌசா மக்களுக்கு உலர்ந்த இலைப்பொடி 'குக்கா', அதில் வைக்கும் வழவழப்பான குழம்பு 'மியான் குக்கா'. சான்சிபாரிலும் கென்யக் கரையிலும் சதையோடு கூடிய கொட்டையைச் சர்க்கரைப் பாகில் புரட்டி, சிவப்புச் சாயமேற்றி மிட்டாயாக விற்கிறார்கள். பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள், உரித்த இடத்தில் பட்டை திரும்ப வளரும். வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் சதைக் கரைசல் கைமருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல்தான் இந்தச் சதையை உணவுப்பொருளாக அனுமதித்தது.

அப்புறம் எண்ணெய். அது சதையிலிருந்து வருவதில்லை, கொட்டையைச் செக்கில் ஆட்டுவதுபோல் அழுத்திப் பிழிவது. பொன்னிறம், லேசான பருப்பு வாசனை. பால்மிட்டிக், ஒலியிக், லினோலெயிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். வறண்ட தோலுக்கும் முடிக்கும் பூசுவதற்கு ஏற்ற எண்ணெய், தெற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாகவே பூசுகிறார்கள். ஆனால் 'வைட்டமின் சி நிறைந்த பாவோபாப் எண்ணெய்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். வைட்டமின் சி நீரில் கரைவது. அது சதையில் ஏராளம், எண்ணெயில் இருக்க வழியில்லை.

அதனால் தமிழில் எழுதும்போது மரத்தையும் காயையும் ஆனைப்புளி என்போம், கேட்டதுமே பருமனும் சுவையும் விளங்கும். மன்னார்க்காரர்கள் பெருக்கமரம் என்றே எழுதட்டும். சதையை அரைத்தது ஆனைப்புளிப் பொடி. குப்பியில் இருப்பது ஆனைப்புளி விதை எண்ணெய். அந்த 'விதை'யை மட்டும் விட்டுவிடக்கூடாது.