ரயில் நின்றால் மறையும் விளம்பரம்

சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் ஜன்னல் கறுத்துப்போகும். அதில் நம் களைத்த முகம்தான் தெரியும். 2001-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகர ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கறுப்பில் ஒரு குடிநீர் விளம்பரம் ஓடியது. திரை இல்லை, புரொஜெக்டர் இல்லை. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் விளம்பரமும் இல்லை.

சுவரில் இருப்பவை அசையாத படங்கள்தான். வரிசையாக மாட்டி, பின்னாலிருந்து விளக்குப் போட்டு, முன்னால் மெல்லிய செங்குத்து இடுக்குகள் வெட்டிய பலகையை நிறுத்தியிருப்பார்கள். 1834-இல் ஆங்கிலேயக் கணிதர் வில்லியம் ஹார்னர் விவரித்த, இடுக்குகள் வழியே பார்த்தால் உள்ளே படங்கள் அசைவதாகத் தெரியும் சுழலும் உருளைப் பொம்மையை நீட்டி நிமிர்த்தியது போலத்தான். பொம்மையில் படங்கள் சுற்றும். இங்கே சுற்ற வேண்டிய வேலை பயணிக்கு.

இடுக்கு எதற்கு? மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். வெறும் படங்களை மாட்டினால் எல்லாம் இழுபட்டு வண்ணக் கறையாகிவிடும். இடுக்கு ஒவ்வொரு கணமும் படத்தின் ஒரு கீற்றை மட்டும் காட்டுகிறது. கீற்றுகள் சேர்ந்து முழுப் படமாகின்றன. 70 சென்டிமீட்டருக்கு ஒரு படம் வைத்தால் அதே வேகத்தில் நொடிக்கு 24 படங்கள், அதாவது சினிமாவின் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படிப் பார்க்கும் படம் பக்கவாட்டில் பெருத்துத் தெரியும். கண்ணுக்கும் இடுக்குக்கும் ஒன்றரை மீட்டர், இடுக்குக்கும் படத்துக்கும் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: அகலம் ஆறு மடங்காகும். ஆகவே ஓவியர் முன்கூட்டியே ஆறில் ஒரு பங்காக ஒடுக்கி வரைய வேண்டும். இடுக்கிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, பெட்டியின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கோ பதினொரு மடங்கு. அவர் கண்ணில் பாட்டில் குடமாகியிருக்கும். ரயிலின் வேகம் இந்த அகலத்தைத் தொடுவதே இல்லை. வேகம் குறைந்தால் காட்சி மெதுவாகும், அவ்வளவுதான்.

அசையாத படங்கள் ஏன் அசைகின்றன என்பதற்குப் பாடப்புத்தகங்கள் இன்னமும் 'பார்வை நிலைப்பு', அதாவது பார்த்த படம் கண்ணில் ஒரு கணம் தங்குவது, என்றே எழுதுகின்றன. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. விழித்திரையில் படங்கள் தங்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பத்தானே வேண்டும்? இரண்டு நிலைகளுக்கு நடுவே அசைவை இட்டு நிரப்புவது மூளை. 1912-இல் இதை ஆராய்ந்து எழுதியவர் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர். அவருக்கு இந்த யோசனை ரயிலில் போகும்போது உதித்ததாகவும், பிராங்பர்ட்டில் இறங்கி ஒரு சுழல்படப் பொம்மை வாங்கியதாகவும் சொல்வார்கள்.

அட்லாண்டா விளம்பரத்துக்குப் பின்னால் இருந்தவர் வானியற்பியல் படித்த ஜோசுவா ஸ்போடெக். ஆனால் வணிகத்துக்கு முன்பே கலை அங்கே போய்விட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் கைவிடப்பட்ட மிர்ட்டில் அவென்யூ நிலையத்தில், 1980-இல் கலைஞர் பில் பிராண்ட் இதே முறையில் 228 ஓவியங்களை வைத்தார். பின்னர் சிதைந்துபோன அந்தப் படைப்பு 2008-இல் மீட்கப்பட்டது. மன்ஹாட்டன் நோக்கிப் போகும் ரயிலில் இருந்து பார்க்கலாம். அது எதையும் விற்பதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது.

இன்னொன்று: ஒரே ரயிலில் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. முதல் பெட்டிக்காரருக்குப் படம் முடிந்திருக்கும்போது கடைசிப் பெட்டியில் இன்னும் தொடங்காமலேகூட இருக்கலாம்.